'ஃபார்' எப்போதும் தூரம் இல்லை

ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆற்றங்கரைக் காட்சியில் 'தி ஃபார் பேங்க்' (the far bank) என்று வந்தது. 'தூரத்துக் கரை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனால், கதாநாயகன் நான்கு கைவீச்சில் நீந்தி அங்கே ஏறிவிடுகிறான்! அரை நாள் குழம்பிய பிறகே உறைத்தது: அது அக்கரை.

படி 1: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஃபார்' நின்றால் 'எவ்வளவு தூரம்?' என்று கேட்காதீர்கள், 'இரண்டில் எது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் 'அந்தப் பக்கத்து', 'மறு' என்பதுதான் பொருள். 'தி ஃபார் வால்' என்றால் அறையின் எதிர்ச்சுவர். நிலவையே பாருங்கள். பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் நாம் பார்க்கும் பக்கம் 'நியர் சைட்'. 1959-இல் லூனா 3 விண்கலம் முதன்முதலில் படம் எடுத்தது 'ஃபார் சைட்', அதாவது மறுபக்கம். (அதை 'இருண்ட பக்கம்' என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை, அங்கேயும் வெயில் அடிக்கிறது.)

படி 2: உண்மையிலேயே தொலைவில் தெரியும் மலைகளுக்கு 'டிஸ்டன்ட் ஹில்ஸ்'. விலகி நிற்பது என்பதே அதன் லத்தீன் வேர்ப்பொருள். அதனால்தான் தூரத்து உறவினரும் 'டிஸ்டன்ட்', பக்கத்திலேயே இருந்தும் ஒட்டாமல் பழகுபவரும் 'டிஸ்டன்ட்'.

படி 3: எண் வந்தால் 'ஃபார்' வேண்டாம். 'பத்து கிலோமீட்டர் தூரம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'டென் கிலோமீட்டர்ஸ் ஃபார்' என்று இழுக்கும். 'டென் கிலோமீட்டர்ஸ் அவே' என்பதே சரி. 'ஹவ் ஃபார்', 'நாட் ஃபார்' இரண்டிலும் சிக்கல் இல்லை.

இதற்கெல்லாம் ஆங்கிலம்–தமிழ் அகராதியை நம்பாதீர்கள். 'தூரமான' என்று ஒரே சொல்லில் முடித்து என்னைக் கவிழ்த்தது அதுதான். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் ஆங்கில–ஆங்கில அகராதியே என் தேர்வு.

பின்சேர்க்கை: 'அப்படியானால் ஃபார் ரைட் எது?' என்று ஒரு வாசகர் மடக்கினார். நியாயமான கேள்வி. குழுப் படத்தில் அது வலது கோடியில் நிற்பவரைக் குறிக்கும். அரசியலில் தீவிர வலதுசாரியை. இரண்டுக்கு மேல் வரிசையாக இருந்தால், படி 1-இல் 'மறு' என்பதை அடித்துவிட்டுக் 'கடைக்கோடி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.