லாவோஸுக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் லாவோஸ் என்று சொன்னால், ‘அது பாங்காக் பக்கம்தானே?’ என்பார்கள். பக்கம்தான். அதனாலேயே தாய்லாந்துப் பயணத்தின் கடைசியில் இரண்டு நாளை ஒட்டவைத்து, வடக்கே இருக்கும் லுவாங் பிரபாங் நகரில் ஓர் அருவி, ஓர் இரவுச் சந்தை, நாலு போட்டோ என்று முடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கடலே இல்லாத, பெரும்பகுதி மலையாகவே இருக்கும் நாடு அது. வடகோடியிலிருந்து தென்கோடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வரும். 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரயிலால், தலைநகர் வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இப்போது சுமார் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அது வடக்கே சீன எல்லைப் பக்கம் போகிற பாதை. தெற்கே பாக்சேவுக்கு விமானம் பிடிக்க வேண்டும், இல்லை இரவுப் பேருந்து. எட்டு, பத்து நாள் ஒதுக்க முடியாதவர்கள் வடக்கு, தெற்கு இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, கிளம்பும் மாதம். பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடிந்ததும் ஏப்ரல், மே லீவில் போவது நம் வழக்கம். லாவோஸின் வடக்கில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாகுபடிக்காக மலைக்காட்டை எரிப்பார்கள். புகை மூட்டத்தில் மேகாங் ஆற்றின் எதிர்க்கரை மலைகூட மங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தச் சமயத்தில் போகவே வேண்டாம். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் வாரி இறைத்துக் கொண்டாடுவார்கள். அதைப் பார்க்கவென்றே போவதானால் சரி, அறையும் டிக்கெட்டும் வெகுமுன்பே கையில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அரையாண்டு லீவுதான் பொருத்தம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிற நேரத்தில் அங்கே வானம் தெளிந்திருக்கும். மலைப்பகுதி இரவுகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

மீனம்பாக்கத்திலிருந்து நேரடி விமானம் கிடையாது. பாங்காக் வழியாகப் போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது, அந்த ஊரில் விமான நிலையம் இரண்டு என்பதை. சுவர்ணபூமியில் இறங்கிவிட்டு அடுத்த விமானம் டான் மியூவாங்கில் என்றால், குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, நெரிசலில் நகரத்தைக் கடந்து போக வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் போடும்போது இரண்டும் ஒரே நிலையம்தானா என்று பாருங்கள். பெட்டியை எடுக்க வெளியே வந்தாலே தாய்லாந்துக்குள் நுழைந்ததாகத்தான் கணக்கு. அந்த நாட்டு விசா விதியையும் அன்றைய நிலவரப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்கை முழுதாக விட்டுவிடுவது, அதிலும் தமிழர்கள் விட்டுவிடுவது, எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். பாக்சேவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், சம்பாசக் அருகே வாட் பூ இருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சிவன் கோயில். கோயிலுக்கு மேலே நிற்கும் மலையின் உச்சிப் பாறை இயற்கையாகவே லிங்க வடிவில் இருப்பதால், பழங்காலத்தில் அந்த மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர். மலைச்சுனை நீரைக் கல் வாய்க்கால் வழியே கருவறைக்குக் கொண்டுவந்து, லிங்கத்தின் மேல் ஓயாமல் விழும்படி கட்டியிருக்கிறார்கள், கம்போடியாவின் அங்கோர் கோயில்களைக் கட்டிய கெமர்கள். இப்போது கருவறையில் இருப்பவர் புத்தர். நிலைவாசல் மேல் ஐராவதத்தில் இந்திரன், பின்பக்கப் பாறையில் மும்மூர்த்திகள். படிகளின் இருபுறமும் ஈழத்தலரி மரங்கள். இந்தியத் தொல்லியல் துறையும் இங்கே சீரமைப்பு வேலை செய்திருக்கிறது. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். படிகள் செங்குத்தானவை, முதியவர்களுக்குக் கைப்பிடித்து ஏற ஆள் வேண்டும்.

லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்று வருவார்கள். அங்கே நடக்கிற கூத்து மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுவது, ஃபிளாஷ் அடிப்பது, வரிசைக்குள் நுழைந்து செல்ஃபி எடுப்பது. அது அந்த ஊர்க்காரர்களின் அன்றாட வழிபாடு. எதிர்ப்பக்கம் தள்ளி நின்று பேசாமல் பார்க்கலாம். அன்னமிட விரும்பினால் தங்கும் விடுதியில் சொல்லிச் சோறு ஆக்கித் தரச் சொல்லுங்கள்; தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இடுங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் இரண்டு எல்லைக்குப் போகிறார்கள். ஒரு கூட்டம் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு போய் அறையிலேயே முடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் ‘காய்தானே’ என்று எதையும் வாங்கும். அசைவம் தொடாதவர்கள் கொஞ்சம் விவரம் தெரிந்து போக வேண்டும். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் தம் மாக் ஹூங்கில் பாதேக் என்ற ஊறிய மீன் குழம்பு சேரும். ‘போ சாய் பாதேக்’ என்றால் அது வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஆற்றுப்பாசியை எள் தூவிக் காயவைத்துப் பொரிக்கும் கைபென் நல்ல மொறுமொறுப்பு. ஆனால் கூடவே வைக்கும் ஜேவோ போங் என்ற மிளகாய்த் துவையலில் எருமைத்தோல் இருக்கும். நூடுல்ஸ் சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் சாறு பெரும்பாலும் எலும்புச் சாறுதான். ‘ஜே’ என்று கேட்டால் சுத்த சைவம் என்று பொருள்.

எல்லோரும் சாப்பிடக்கூடியது காவ் நியாவ், மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்த பசையரிசிச் சோறு. நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசி போலவே ஒட்டும். முள்கரண்டி கேட்காதீர்கள். ஒரு கவளம் எடுத்து விரல்களால் அழுத்தி உருட்டி, துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். இது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லை.

சியெங் குவாங் பக்கம், பழங்காலப் பெரிய கல் ஜாடிகள் சிதறிக் கிடக்கும் ஜாடிச் சமவெளிக்குப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸில் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காதவை இன்னமும் மண்ணுக்குள் கிடக்கின்றன. தரையில் பதித்த அடையாளக் கற்களில் வெள்ளைப் பக்கம் சோதித்த இடம், சிவப்புப் பக்கத்துக்குக் கால் வைக்கக் கூடாது. போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

வாடகை ஸ்கூட்டர் எடுப்பதானால், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச உரிமம் வாங்காமல் போனால் விபத்து நடந்தபின் காப்பீடு கைகொடுக்காது. பெரிய சிகிச்சைக்குத் தாய்லாந்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அந்தச் செலவும் பாலிசியில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாக ஊற்றித் தரும் சாராயத்தைத் தொடாதீர்கள்.

அப்புறம் பணம். லாவோஸ் விசாவுக்குக் கசங்காத, கிழியாத டாலர் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் பணமான கிப்பை மொத்தமாக வாங்காமல் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள், சென்னையில் அதைத் திரும்ப மாற்ற முடியாது. கையில் மிஞ்சியதற்குக் கடைசி நாளில் போலவென் மேட்டுநிலத்துக் காபிக்கொட்டை வாங்கிவிடுங்கள்; ஃபில்டரில் போட்டாலும் நன்றாக இறங்கும்.