கழிமுகச் சதுப்பில் வாத்து வேட்டை: பராமரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பல கழிமுகச் சதுப்புகளை வேட்டைச் சங்கங்களே குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்கின்றன. நம் நாட்டில் காட்டு வாத்தைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அங்கே செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரையும், உயர் ஓதக் கோட்டுக்கு (பெரிய ஓதத்தில் கடல்நீர் எட்டும் எல்லை) கீழே பிப்ரவரி 20 வரையும் குறிப்பிட்ட சில இனங்களைச் சுடலாம். சட்டத்தை மீறாமலேயே ஒரு சதுப்பைக் கெடுத்துவிட முடியும் என்பதுதான் கவலை.

பெரிய தவறு, தங்குமிடத்தில் சுடுவது. கிளுவை வாத்தும் மல்லார்டு வாத்தும் பகலில் மணல்திட்டிலோ திறந்த நீரிலோ கூட்டமாக ஓய்வெடுக்கும். அந்தியில் இரைதேடிக் கரைப்பக்கம் பறந்து விடியலில் திரும்பும். சுடுவதென்றால் அந்தப் பறப்புவழியில், தங்குமிடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நின்று சுட வேண்டும். ஓய்விடத்திலேயே அடுத்தடுத்துச் சுட்டால் கூட்டம் வேறிடம் போய்விடும். புல் மேயும் நாமத்தலை வாத்தின் பாடு இன்னும் மோசம். புல்லில் சத்து குறைவு என்பதால் அது நெடுநேரம் மேய்ந்தாக வேண்டும். வெடிச்சத்தத்தில் மிரண்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் மேயும் நேரமும் உடலில் சேர்த்த கொழுப்பும் வீணாகின்றன. டென்மார்க்கில் வேட்டையில்லாப் பகுதிகளைச் சோதனையாக ஒதுக்கியபோது வேட்டைக்குரிய இனங்களே அதிகம் கூடின. ஆகவே நல்ல புல்லும் நல்ல நீரும் உள்ள இடத்தையே ஒதுக்குங்கள். எதற்கும் உதவாத மூலையை அல்ல.

மேய்ச்சலில் காலம் முக்கியம். குளிர்காலத்தில் நாமத்தலை வாத்துக்குக் குட்டைப் புல் வேண்டும் என்று ஏப்ரலிலேயே மாடுகளை இறக்கிவிடுகிறார்கள். அப்போதுதான் பவளக்காலி உள்ளான் புல்தூரின் நடுவே முட்டையிட்டு, தாள்களை மேலே வளைத்துக் கூரைபோல் மூடி வைத்திருக்கும். அதன்மீது ஒரு குளம்பு பட்டால் போதும், அத்தனை முட்டைகளும் நசுங்கிவிடும். குஞ்சுகள் வெளியேறிய பிறகு, ஜூலை வாக்கில் இறக்கினாலும் இலையுதிர்காலத்துக்குள் புல் குட்டையாகிவிடும்.

கடல்கரைக்கு உட்பக்கம் வெட்டும் குட்டைகளை ஆழமாக, செங்குத்துக் கரையோடு வெட்டாதீர்கள். தலையைக் கவிழ்த்து இரைதேடும் வாத்துகளுக்கு 10 முதல் 25 செ.மீ. ஆழமே உகந்தது. கோடையில் மதகைச் சிறிது சிறிதாகத் திறந்து நீரை வடித்தால் சேற்றில் செடிகள் முளைத்து விதை கட்டும்; இலையுதிர்காலத்தில் மீண்டும் நீர் ஏற்றலாம். கூடு கட்டும் பருவத்தில் திடீரென ஏற்றினால் முட்டைகள் மூழ்கிப்போகும்.

ஈயக்குண்டு வேண்டவே வேண்டாம். இரையை அரைக்க விழுங்கும் சிறு கல் (அரைவைக்கல்) என்று நினைத்து வாத்து அதை விழுங்குகிறது. இரைப்பையில் அரைபட்டு ஈயம் இரத்தத்தில் ஏறுகிறது. இங்கிலாந்தில் 1999 முதல் வாத்து வேட்டைக்கு அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. எஃகுக் குண்டுக்கு மாறும்போது ஈயத்தைவிட இரண்டு அளவு பெரியதாக எடுங்கள். சுமார் 35 மீட்டருக்கு அப்பால் சுடாதீர்கள். எஃகு எடை குறைந்தது, வேகம் சீக்கிரம் தணியும். அடிபட்ட பறவை எங்கோ போய்ச் சாகும்.

உறைபனி ஒரு வாரம் நீடித்ததும் வேட்டைச் சங்கங்கள் தாமாகவே கட்டுப்பாட்டைக் கோரும். இரண்டு வாரமானால் அரசே தடை விதிக்கும். பனி உருகிய மறுநாளே சுடக் கிளம்பாதீர்கள், மெலிந்த பறவைகள் உடல் தேறச் சில நாள்கள் ஆகும்.