பார்க் பண்ண கார யாரோ இடிச்சுட்டு போயிட்டாங்களா?

வந்து பாத்தா கதவு நசுங்கி கிடக்கு, இடிச்ச ஆளக் காணோம்னா வயிறு எரியும்தான், ஆனா கோவத்துல வண்டிய உடனே எடுத்துராதீங்க. நின்ன இடத்துலயே தள்ளி நின்னு ஒரு போட்டோ, கிட்டக்க ஒன்னு, கீழ கிடக்குற லைட் துண்டு, ஒட்டியிருக்குற வேற கலர் பெயிண்ட்னு எல்லாத்தையும் எடுங்க, அந்த பெயிண்ட்ட துடைச்சுராதீங்க ப்ளீஸ், இடிச்ச வண்டி என்ன கலர்னு சொல்ற சாட்சியே அதுதான். அடுத்து சிசிடிவி, இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க, பழைய பதிவு மேலயே புதுசு ஏறி அழிஞ்சுரும், அதனால அன்னைக்கே கேட்டு வாங்கிருங்க. போலீஸ், இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் சொல்லிருங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி, அதாவது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும்னா, உங்க கார் சேதத்துக்கு பணம் கிடைக்காது. சின்ன கீறல்னா, க்ளைம் போட்டா நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் போடாம இருந்ததுக்கு ப்ரீமியத்துல கிடைக்குற தள்ளுபடி, எவ்ளோ போகும்னு கணக்கு பாத்துக்கோங்க.