சாவி மழுங்கிய லாக் நட்டைக் கழற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

உங்கள் கார் சக்கரத்தில் நான்கு நட்டில் ஒன்று மட்டும் அறுகோணமாக இல்லாமல், தலையில் பூ மாதிரியோ வளைவு வளைவாகவோ பள்ளம் வெட்டி இருந்தால் அதுதான் லாக் நட். அலாய் வீலை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சக்கரத்துக்கு ஒன்று போடுவார்கள். அதைத் திறக்க, அந்தப் பள்ளத்துக்குள் சரியாகப் பொருந்துகிற ஒரு குட்டி அடாப்டர் உண்டு, அதைத்தான் சாவி என்கிறோம்.

இந்த நட்டைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததே விராலிமலை தாண்டி, இரவு பத்தரை மணிக்குப் பின்சக்கரம் பஞ்சரானபோதுதான். பழைய கார், வாங்கி இரண்டு மாதம். மூன்று நட் சுலபமாக வந்துவிட்டது, நான்காவதில் சாவியை வைத்து ஸ்பேனரை மிதித்தேன், டக்கென்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் சாவியில் இரண்டு பல் இல்லை. பின் சீட்டில் அம்மா. லாரிகள் பக்கத்தில் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. டிக்கியில் நல்ல ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இதை ரோட்டில் தெரிந்துகொள்ள வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

முதலில் சாவி எங்கே என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி இருக்கும் இடம், டேஷ்போர்டு பெட்டி, முன் சீட்டுக்கு அடியில், கதவுப் பையில். பல சமயம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் கிடக்கும். கூடவே ஒரு எண் எழுதிய சீட்டு இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த எண் இருந்தால் அதே மாதிரி வேறு சாவி வாங்க வழி உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கும்போதே இந்தச் சாவியையும் கேளுங்கள்.

சாவி நன்றாக இருக்கிறது, நட் மட்டும் அசையவில்லை

கார் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஜாக்கியில் தூக்கிவிட்டு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டவே கூடாது, கார் ஜாக்கியிலிருந்து சரிந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். லாக் நட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும், கடைசியில் அல்ல. நான் அன்றைக்குச் செய்த தப்பு இதுதான். மற்ற மூன்றையும் தளர்த்திவிட்டால் சக்கரம் லேசாகச் சாய்ந்து முழு அழுத்தமும் அந்த ஒரு நட்டின் மேல் ஒரு பக்கமாக விழுகிறது, சாதாரணமாக வர வேண்டியதுகூட அப்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே மற்றவற்றைத் தளர்த்திவிட்டீர்கள் என்றால் திரும்ப இறுக்குங்கள், அப்புறம் லாக் நட்டுக்கு வாருங்கள். பாதி கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். பிரேக் தூசியும் மண்ணும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி உள்ளே அடைத்திருக்கும். ஊசியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் கிளறி எடுத்தால்தான் சாவி முழு ஆழத்துக்கு இறங்கும். மேலோட்டமாக உட்கார்ந்த சாவியில் பலத்தைக் கொடுத்தால் பல் முறிவது நிச்சயம். நட் சக்கரத்தோடு சேரும் ஓரத்தில் துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து அரை மணி நேரமாவது விடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி முழுக்க. அது பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. பிறகு சாவியை உள்ளே வைத்துச் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், சக்கர பேரிங் உள்ளே இருக்கிறது. இந்தத் தட்டில் துருப்பிடிப்பு விடும், சாவியும் அடிவரை உட்காரும்.

காரோடு வரும் எல் ஸ்பேனர் இதற்குப் போதாது. சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் (இறுகிய நட்டைத் தளர்த்தும் நீளக் கைப்பிடி) ஒன்று வாங்குங்கள். கணக்கு எளிது: 30 செ.மீ. கைப்பிடியில் 50 கிலோ எடையை வைத்து அழுத்தினால் நட்டைத் திருப்பும் விசை சுமார் 147 நியூட்டன் மீட்டர், அதே அழுத்தம் 60 செ.மீ.-ல் 294. ஒரு கையால் சாவியை நட்டோடு நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நிதானமாகப் பலத்தை ஏற்றுங்கள். உதைக்காதீர்கள், மேலே ஏறிக் குதிக்காதீர்கள். டயர் கடையில் காற்றழுத்தத்தால் நட்டைச் சுழற்றுகிற ஏர் கன்னும் வேண்டாம், அந்த அதிர்வுதான் சாவியின் பல்லைத் தின்கிறது. என் காரிலும் முன்பு யாரோ கன்னை வைத்து அளவில்லாமல் இறுக்கியதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது.

சாவி முறிந்துவிட்டது, அல்லது சாவியே இல்லை

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பவர் கிளாஸ் அல்ல, கண்ணைப் பக்கவாட்டிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி. லாக் நட் கடினப்படுத்திய எஃகு, அடிக்கும்போது சில்லு தெறிக்கும்.

நட்டின் வெளி விட்டத்தை அளந்து, அதைவிட ஒரு துளி சின்னதாக, உள்ளே பன்னிரண்டு முனை உள்ள சாக்கெட் (நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டுவது) ஒன்றை எடுங்கள். எது சரி என்று கையிலேயே தெரியும்: சாக்கெட்டை வைத்தால் விளிம்பில் உட்கார வேண்டும், ஆனால் உள்ளே இறங்கக் கூடாது. தானாக இறங்கினால் அது பெரியது, அடுத்த சின்ன அளவுக்குப் போங்கள். திரும்ப உபயோகப்படாது என்பதால் பழைய சாக்கெட்டே போதும், சென்னைக்காரர்கள் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் தேடலாம். அலாயில் கீறல் விழாமல் நட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

ஒரு கிலோ சுத்தியலால் நேராக அடியுங்கள். முதலில் சத்தம் மந்தமாக இருக்கும், சாக்கெட்டின் முனைகள் நட்டின் உடம்பைக் கடிக்கக் கடிக்க டங்கென்று கணீராக மாறும். அந்தச் சத்தம் வந்தபின் இன்னும் இரண்டு அடி. பாரை மாட்டி மெதுவாக அழுத்தினால் ஒரு கணம் எதுவும் நடக்காது, அப்புறம் கிரீச்சென்று ஒரு நீண்ட சத்தத்தோடு அரை அங்குலம் நகரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதீர்கள், முறிந்தால் டக்கென்று கேட்கும், இப்படி இழுத்துக்கொண்டு கேட்டால் நட் விடுகிறது என்று அர்த்தம். தளர்ந்தபின் ஜாக்கி வைத்துத் தூக்கி முழுதாகக் கழற்றுங்கள்.

சாக்கெட் வழுக்கினால் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இருக்கிறது. உள்ளே சுருள் சுருளாக எதிர்மரை வெட்டியிருக்கும், கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். எனக்கு ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் இதைத்தான் வாங்குவேன்.

சில லாக் நட்டில் வெளியே ஒரு வளையம் தனியாகச் சுற்றும். அதன்மேல் எதை மாட்டினாலும் வளையம் மட்டும் சுழலுமே தவிர நட் அசையாது. அந்த வளையத்தை உளியால் பிளந்து எடுத்தபின்தான் எக்ஸ்ட்ராக்டர். இது கொஞ்சம் பொறுமையான வேலை, அலாய்க்கு ரொம்பப் பக்கத்தில் உளி போகும், முதல்முறை செய்கிறவர் தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கும் வராவிட்டால் மிச்சம் இருப்பது நட்டின் தலையில் வேறு நட்டை வெல்டிங் வைப்பது, இல்லையென்றால் டிரில் போட்டு, நட் ஏறுகிற மரைக் கம்பியான ஸ்டட்டையே மாற்றுவது. இரண்டும் வீட்டில் செய்கிற வேலை இல்லை, நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கேஸ் பர்னரை வைத்து நீங்களாக நட்டைச் சூடாக்கவே வேண்டாம். காற்று அடைத்த டயர் சூட்டில் வெடித்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம்.

கழன்றபின்

மீதி மூன்று சக்கரத்து லாக் நட்டையும் அன்றைக்கே கழற்றிச் சாதாரண நட் போட்டுவிடுங்கள். வாங்கும்போது பழைய நட் ஒன்றைக் கையில் கொண்டு போய் மரையையும் அடிப்பக்கத்து வடிவத்தையும் ஒப்பிடுங்கள். சிலது கூம்பாக இருக்கும், சிலது பந்து மாதிரி உருண்டிருக்கும், மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும். ஃபோக்ஸ்வாகன் மாதிரி கார்களில் நட்டே கிடையாது, போல்ட் நேராக ஹப்புக்குள் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) போகும், அங்கே நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

ஸ்டட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம். முதலில் கையால் சுற்றி ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கார் தரையில் இறங்கியபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து அதையே வையுங்கள். அடுத்த முறை டயர் கடைக்குப் போனால், கடைசி இறுக்கம் கையால்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டையும் அதே அளவுக்கு இன்னொரு முறை பாருங்கள். என் காரில் அப்படிப் பார்த்தபோது முன் இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு நட் கால் சுற்று ஏறியது.