நாற்று வாங்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

"காடு வளர்க்கணும், என்ன மரம் நடலாம்?" என்று கேட்டுத்தான் எங்கள் நாற்றங்காலுக்குப் பலரும் வருகிறார்கள். அந்த இடத்தில் இப்போது ஏன் காடு இல்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் நட்டால் பணமும் உழைப்பும் வீண்.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். மழைத் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். மிஞ்சிய மண்ணில் முளைப்பதை ஆடு மாடு மேயும். ஆகவே முதலில் வேலி போடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க எதையும் நடாமல் விட்டுப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும் புதர்களைக் குனிந்து பாருங்கள். நுனியெல்லாம் கடிபட்டிருக்கும், அடிக்கட்டை மட்டும் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அது புதர் அல்ல, பல வருடமாக மேய்ந்து மேய்ந்து வளர விடாமல் வைத்திருக்கும் மரம். வெப்பாலை, உசில் எல்லாம் இப்படித்தான் காத்துக்கிடக்கும். மேய்ச்சல் நின்றதும் வேரில் உள்ள பலத்தால் விறுவிறுவென்று எழும்பும். நாம் நடும் எந்த நாற்றும் அந்த வேகத்தில் வளராது.

அப்புறம் தண்ணீர். நல்ல மழையில் குடையோடு போய் நின்று, அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே கரை போடுங்கள், மேட்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழே தொடங்கினால் மேலிருந்து வரும் வெள்ளம் உடைத்துவிடும். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கேயும் ஓடை அறுத்த வெறும் செம்மண்தான். கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தியும், வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டும் நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் நம் ஊர் மரங்கள் வளர்ந்தன. 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் அடித்தபோது அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன.

எந்த மரம் என்பதற்குப் பக்கத்துக் கோயில்காட்டில் பதில் இருக்கும். எங்கள் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு. வீரை, கருங்காலி, காயா, இவற்றுக்குக் கீழே சுலுந்து, மேலே பின்னிக் கிடக்கும் கொடிகள். திருமாலின் நிறத்துக்குச் சொல்லும் காயாம்பூவை இங்கே கிளையோடு ஒட்டிப் பூத்திருக்கப் பார்க்கலாம். கோயில்காட்டுக்குள் பெரியவர்களைக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் உதிர்ந்த பழத்தை மட்டும், பல மரங்களின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்குங்கள். ஒரே தாய்மரத்து விதையில் ஒரு காட்டை எழுப்பக் கூடாது.

விதைக்கு விதை குணம் வேறு. நாவல் கொட்டையைச் சதை போகக் கழுவி உடனே போட்டுவிட வேண்டும், காயவைத்தால் செத்துவிடும். ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதன் இயல்பு அது. கொன்றை நேர்மாறு. ஓடு கெட்டி, சுடுதண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

நடுவது வடகிழக்குப் பருவமழையில் மண் நன்றாக நனைந்த பிறகு. மரத்தோடு களா, சூரை போன்ற பழப்புதர்களையும் வையுங்கள். கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தால் மற்ற விதைகளையும் எச்சத்தில் கொண்டுவரும். செடியைச் சுற்றி இலைதழையால் மூடாக்கு போடுங்கள், கோடையில் தண்ணீர் விடுங்கள்.

இவ்வளவும் காடாக இருந்த நிலத்துக்கு மட்டும். நீலகிரி உச்சியில் சோலைகளுக்கு நடுவே இருப்பது இயற்கையான புல்வெளி. அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும்தான் புல்லை அழித்தன. அந்த இடத்தை மீட்பதென்றால் மரத்தை அகற்றி, உள்ளூர்ப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை.

நட்டதில் எத்தனை பிழைத்தது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். சரி, எண்ணுங்கள். நடாமலேயே முளைத்தவற்றையும் ஒவ்வொரு தை மாதமும் எண்ணி, பெயரோடு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் நீளவில்லை என்றால் மறுபடி வேலியையும் கரையையும் போய்ப் பாருங்கள்.