கண் அயரும் வேளையில் மூச்சு முட்டினால்: நாம் செய்யும் தவறுகள்

பகல் முழுவதும் வயலில் நின்றபோது ஒரு குறையும் காட்டாத மூச்சு, விளக்கை அணைத்துப் பாயில் சரிந்து கண் அயரும் கணத்தில் நின்றுவிட்டதுபோலத் தோன்ற, திடுக்கிட்டு எழுந்து உட்காருபவர்கள் வன்னியில் பலர் உள்ளனர். சில ஆண்டுகள் நானும் அப்படி எழுந்து முற்றத்தில் நின்றிருக்கிறேன்.

விழித்திருக்கையில் விழிப்பே மூச்சுக்கு ஒரு தூண்டுதலாக இருக்கிறது. உறக்கம் தொடங்கும்போது அது விலகி, மூளைத்தண்டின் தன்னியக்கமே மூச்சை நடத்துவதால், மூச்சு மெதுவாகிறது, தசைகள் தளர்கின்றன, சிலருக்கு உடல் ஒருமுறை துள்ளவும் செய்யும். எல்லோருக்கும் நிகழும் இந்த மாற்றத்தைப் பதற்றத்தோடு படுப்பவர் காவல் இருந்து கவனிக்கிறார் என்பதே வேறுபாடு.

இதில் மிகப் பெரிய தவறு, வராத மூச்சை வரவழைக்க நெஞ்சை விரித்து இழுத்து இழுத்து விடுவதுதான். நுரையீரல் நலமாக உள்ளவரின் குருதியில் ஒட்சிசன் செறிவு பொதுவாக 95 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதால், மேலும் இழுத்து அதைப் பெரிதாகக் கூட்டிவிட முடியாது. குறைவது காபனீரொட்சைட்டு. அது அளவுக்கு மேல் குறையும்போது மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் விறைக்கும், மூச்சு போதவில்லை என்ற எண்ணம் முன்னிலும் கூடும். மூச்சைத் தூண்டுவதே முக்கியமாகக் காபனீரொட்சைட்டு என்பதால், அது குறைந்த நிலையில் கண் அயர்ந்தால் மூச்சு உண்மையாகவே சில செக்கன்கள் தாமதிக்கலாம். பயந்தவர் தன் பயத்துக்கான சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய ஆலோசனையும் வேண்டாம். தொய்வோ இருதய வருத்தமோ இருப்பவருக்கு அது ஆபத்து. மாறாக, வாயை மூடி, மூக்கால் ஏறத்தாழ 4 செக்கன் மெல்ல எடுத்து, 6 செக்கன் விடுங்கள். நெஞ்சு நிரம்ப இழுக்க வேண்டியதில்லை.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒட்சிசன் அளவிடும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டே படுப்பதும், நாடியைத் தொட்டுப் பார்த்தபடி இருப்பதும் அந்தக் காவலை நீட்டிக்கவே செய்கின்றன. 20 நிமிடமளவில் உறக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடந்து போராடாமல், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதேனும் செய்துவிட்டுக் கண் சொருகும்போது திரும்புங்கள். பின்னேரத்துக்குப் பின் தேநீரைத் தவிருங்கள். சாராயம் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சைக் கெடுக்கும். அயல்வீட்டாரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடவே கூடாது. யன்னல் சாத்திய அறையில் நுளம்புச்சுருள் கொளுத்துவதும் மூச்சை உறுத்தும், வலை நல்லது.

பதுங்குகுழிக்குள் இரவுகளைக் கழித்தவர்கள் நம்மிடையே உள்ளனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தோடு போர் முடிந்தாலும், இருட்டில் காது கொடுத்துக் கிடந்த பழக்கத்தைச் சிலருடைய உடல் இன்னும் விடவில்லை. அவர்களிடம் “வெறும் பயம்” என்று சொல்வதும், பேய் அமுக்குகிறது என்று நூல் கட்டிவிட்டு அத்தோடு விடுவதும் எனக்கு மிகவும் வேதனை தரும் தவறுகள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.

எல்லாவற்றையும் பதற்றத்தின்மேல் போடுவதும் தவறே. தலையணைகளை உயர்த்தினால்தான் படுக்க முடிகிறது, கால் வீங்குகிறது, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது, உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுகிறது என்றால், இருதயம், தொய்வு, உறக்க மூச்சுத்தடை ஆகியவற்றை வைத்தியர் சோதிக்க வேண்டும். நெஞ்சு நோவுடன் வியர்த்தாலோ உதடு நீலித்தாலோ விடியும்வரை காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அருகில் உறங்குபவரையும் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் குறட்டையையும் இடையில் நின்ற மூச்சையும் கேட்டவர் அவர்தான்.