பல ஊர் ஆள்களை ஒரே தையல் லைனில் ஓட்டுவது எப்படி

பனியன் கம்பெனியில் புதுசா சூப்பர்வைசர் ஆகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏனுங்க்கா, ஹிந்தி கத்துக்கோணுமா?" கத்துக்கிட்டா நல்லதுதான் கண்ணு. ஆனால் திருப்பூரில் ஒரு லைனை, அதாவது ஒரே ஸ்டைலைப் பங்குபோட்டுத் தைக்கிற மிஷின் வரிசையை, எடுத்துக்கிட்டா ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், கூடவே தேனி, மதுரைப் பக்கத்து ஆள்கள், நம்ம ஊர் அக்காமார் எல்லாரும் இருப்பாங்க. ஒடிசாப் பிள்ளைக்கு ஹிந்தியும் வெளிப் பாஷைதான். எத்தனை பாஷை கற்க முடியும்? நான் பார்த்தவரை ஆள்கள் சூப்பர்வைசரை நம்புவது கணக்கை வைத்துத்தான். அங்கிருந்து தொடங்குங்க.

தைக்கிற பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிற பீஸ் ரேட் லைனா இருந்தால், புது ஸ்டைல் ஏறும் முன்னாலேயே சாம்பிள் பீஸைப் போர்டில் தொங்கவிட்டு, பக்கத்தில் ரேட்டை எழுதிப் போடுங்க. பாதி ஆர்டர் ஓடினபிறகு ரேட்டைக் குறைத்தால் அந்த லைனில் அப்புறம் உங்கள் பேச்சு எடுபடாது. சாயந்தரம் மிஷின் நிற்கும்போது உங்கள் நோட்டில் எழுதுகிற கணக்கை, ஆளிடம் இருக்கிற சின்ன நோட்டிலும் அப்போதே எழுதிக் கொடுங்க. சனிக்கிழமை சம்பளத்தன்று தகராறு வந்தால் இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும்.

பிடித்தத்தையும் காட்டணும். சம்பளத்தில் பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், ஈஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் போகிறது. முதல்முறை வேலைக்கு வந்த பையனுக்கு அது சூப்பர்வைசர் அடிக்கிற காசாத்தான் தெரியும். அவன் போனிலேயே அரசோட உமாங் செயலியைப் போட்டு, அவன் பேரில் பிஎஃப் ஏறியிருப்பதைத் திறந்து காட்டுங்க. ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கே ரூமில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேதி போய்விடும்.

அடுத்தது காண்ட்ராக்டர். ஊரிலிருந்து ஆள்களைக் கூட்டிவந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார், எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். சௌகரியமா இருக்கும். ஆனால் லீவு, அட்வான்ஸ், புகார் எல்லாம் அவர் வழியா மட்டும் வந்தால் நீங்கள் கேட்பது அவருக்கு ஒத்துவருகிற சேதியை மட்டும்தான். சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். ஒவ்வொரு பாஷைக்கும் வேறு வேறு ஊர்க்காரர் இரண்டு பேரைப் பேச வைத்துக்கொள்ளுங்க. டீ நேரத்தில் காண்ட்ராக்டர் இல்லாதபோதும் அவர்களிடம் பேசுங்க. பெண்பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருத்தர் பெண்ணா இருக்கணும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் புகாருக்குக் கமிட்டி இருந்தே ஆகணும். அந்தக் கமிட்டி அம்மாவின் போன் நம்பரை ஒடியாவிலும் ஹிந்தியிலும் எழுதி, ஹாஸ்டலில் ஒட்டுங்க. ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டினால் யார் பார்ப்பா?

வேலை சொல்லிக்கொடுக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்கவே வேண்டாம். எல்லாத் தலையும் ஆடும். எங்கள் லைனில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வருகிற பட்டி) ஏற்றுகிறவள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஒண்ணு அடிச்சுக் காட்டு சாமி" என்றேன். கை அவ்வளவு சுத்தம், ஆனால் ரிப் ஜாயின்ட்டைக் கழுத்தின் நடு முதுகில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் முன்பு இருந்த கம்பெனியில் பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், அப்படித்தான் கேட்டிருக்கிறார். எங்கள் சாம்பிளில் இடது தோள் தையலுக்குப் பின்னால் ஒரு அங்குலம். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன், அடுத்த பீஸே சரியா வந்தது. இதைப் பார்க்காமல் பண்டலை (கட்டாக வருகிற வெட்டின பீஸ்களை) ஓடவிட்டிருந்தால் மத்தியானம் செக்கிங் டேபிளில் மலையா குவிந்திருக்கும், "இவுங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று ஒரு பேச்சும் கிளம்பியிருக்கும்.

அந்தப் பேச்சைத்தான் முளையிலேயே கிள்ளணும். ஆல்டர் பீஸ், அதாவது திருத்தச் சொல்லித் திரும்பின பீஸ், வந்தால் பண்டல் சீட்டைப் பாருங்க. எந்த மிஷின், எந்த ஆபரேஷன் என்று தெரியும். அந்த ஆளிடம் போய் மெதுவா சொல்லுங்க. பல நேரம் ஊசி மழுங்கியிருக்கும். "வடக்கன் தச்சது" என்று செக்கிங்கில் யாராவது சொன்னால் அவனுக்கு ஒரு பேர் இருக்கிறது, பேரைச் சொல்லச் சொல்லுங்க.

நம்ம ஊர் அக்காமாருக்கும் மனக்குறை உண்டு, அது நியாயமானதுதான். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும், அவர்களால் தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது ஒரு ஷிப்ட் முடிந்தும் இன்னும் அரை ஷிப்ட், நிற்க முடியாது. ரூமில் தங்கியிருக்கிறவர்கள் நிற்பார்கள், கூடுதல் காசு அங்கே போகும். யாருக்கு எந்த நாள் ஒன்றரை என்று வாரத் தொடக்கத்திலேயே போர்டில் எழுதுங்க; விரும்புகிற அக்காவுக்கும் ஒன்றிரண்டு நாள் கிடைக்கட்டும். நல்ல ஓவர்லாக் மிஷின் எல்லாம் ஒரே கூட்டத்திடம் போய்ச் சேராமலும் பார்த்துக்கோங்க.

வதந்தி வந்தால் என்ன செய்வது? 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. பண்டிகைக்கு ஊர் கிளம்பின கூட்டத்தையும் பயந்து ஓடுகிற கூட்டம் என்றே பேசினார்கள். போலீஸ் மறுத்தது, பீகார் அரசின் குழுவே வந்து விசாரித்தது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அதெல்லாம் எட்டுமா? அந்த மாதிரி நேரத்தில் மைக் பிடித்துப் பேசாதீங்க. மிஷினைக் கால்மணி நேரம் நிறுத்தி, எல்லாரையும் வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொல்லுங்க. நீங்களும் கூட நின்று ஒரு வணக்கம் சொல்லுங்க. அப்படியும் போகணும் என்கிறவனைத் தடுக்காமல், அன்றே கணக்கை முடித்து முழுக் காசையும் கொடுத்து அனுப்புங்க. பாக்கி வைத்தால் திரும்பி வருவான் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். முழுசா வாங்கிப் போனவன்தான் வருகிறான், வரும்போது மாமன் மகனையும் கூட்டிவருகிறான்.

கடைசியா லீவு. ஏப்ரல் 14 வாக்கில் நமக்குச் சித்திரைக் கனி, ஒடிசாவுக்கு வருஷப் பிறப்பு, அசாமுக்கு பிஹு. ஒரே லீவில் மூன்றும் முடியும். ஜூன் நடுவில் ஒடிசாப் பெண்களுக்கு ரஜ பண்டிகை மூன்று நாள். சிக்கல் தீபாவளியில்தான். பீகார்க்காரருக்கு சட் பூஜை அது முடிந்து ஆறேழு நாளில், அதனால் நாலு நாள் லீவு கொடுத்தால் சொல்லாமலேயே அதிகம் எடுப்பார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். ஆவணியிலேயே யார் எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்று கேட்டுப் போர்டில் எழுதி, திரும்புகிற டிக்கெட்டும் போட்டாச்சா என்று போனை வாங்கிப் பார்த்துவிடுங்க.